உப்புக்காற்றில் ஒரு டிரை கிளட்ச்

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் இடப்பக்கக் கவரைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட். அதைக் கழற்றிக் கவரை இழுத்தால் 400 மில்லிக்குச் சற்று மேல் ஆயில் கீழே வைத்த தட்டில் கொட்டும். உள்ளே கிராங்கின் முனையில் சின்ன ஸ்பிராக்கெட், கியர்பாக்ஸ் ஷாஃப்டில் பெரிய கிளட்ச் டிரம், இரண்டையும் இணைக்கும் இரட்டைச் செயின், முன்பக்கம் ஆல்டர்னேட்டரின் காயிலும் மேக்னெட்டும். இந்த ஆயிலுக்கும் எஞ்சினுக்குள் ஓடும் ஆயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இன்னொன்று. மூன்று அறைகள், மூன்றுக்கும் தனித்தனி மசகு. ஆயிலில் நனையும் வெட் கிளட்ச்சை ஆயில் இல்லாமல் ஓடும் டிரை கிளட்ச் ஆக்க முடியுமா என்று கேட்டு வருகிறவருக்கு முதலில் காட்ட வேண்டியது இந்தத் தடுப்புகளைத்தான். கிளட்ச்சைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

கன்னியாகுமரி மாவட்டத்து இனயத்திலோ கருங்கலிலோ நிற்கும் நூறு பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இந்தத் தடுப்பு இல்லை. ஸ்பிளெண்டரிலும் பல்சரிலும் எஞ்சினை நனைக்கும் அதே ஆயில்தான் கிளட்ச் பிளேட்டையும் கியரையும் நனைக்கிறது. கிராங்கிலிருந்து கிளட்ச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் பிரைமரி கியர்களும் அந்த ஆயிலை நம்பியே சுற்றுகின்றன. அங்கே கிளட்ச்சை மட்டும் காய வைக்க வேண்டுமானால் பிரைமரி கியர்களை ஆயிலுக்குள்ளேயே விட்டுவிட்டு, கிளட்ச்சை ஒரு சீலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். யமஹாவின் டிஇஸட் ரேஸ் பைக்குகளிலும், ஹோண்டா என்எஸ்ஆர் 250-இன் எஸ்பி மாடலிலும், டுகாட்டியிலும் செய்திருப்பது அதைத்தான். அதற்குப் புதிய கவர், நீளமான ஷாஃப்ட், புதிய சீல் இருக்கை எல்லாம் வேண்டும். லேத் பட்டறையில் கடைந்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆகும் செலவு பைக்கின் விலையைத் தாண்டும், கடைசியில் எஞ்சினும் போகும். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் என்பதால் கதை வேறு என்று சிலர் நினைப்பதுண்டு. அதிலும் கிளட்ச், பிரைமரி கியர், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில்தான் இருக்கின்றன.

ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு வண்டியைப் பற்றியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவந்த பழைய புல்லட். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்தால் அது இந்த வகைதான். 2008-09 வாக்கில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் போன யூசிஇ எஞ்சின் வந்தது. அதிலும் பின்னால் வந்த மாடல்களிலும் கிளட்ச்சுக்கும் எஞ்சினுக்கும் ஆயில் ஒன்றுதான். அவற்றில் கை வைக்கக் கூடாது. இடையில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டோடு வந்த ஐந்து கியர் வண்டிகளில் பிரைமரி அறை தனியாக இருந்தாலும், ஸ்டார்ட்டரின் ஸ்பிராக் கிளட்ச்சும் அதே அறைக்குள் இருக்கிறது. அதற்கும் ஆயில் வேண்டும் என்பதால் அவற்றையும் விட்டுவிடுவதே நல்லது.

இந்த மாற்றத்தைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் அது தேவையே இல்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்பதுதான் அவர்கள் குறை. பிரைமரி அறையில் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கார்களுக்கான, பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். எஞ்சினுக்கு அது நல்லது, வெட் கிளட்ச்சுக்கு ஆகாது. பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்றோ எம்ஏ2 என்றோ இருந்தால் அது வெட் கிளட்ச்சுக்குச் சோதித்த ஆயில். எம்பி என்றிருந்தால் கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. ஆயிலை மாற்றி, பிளேட்களைத் துடைத்து, கேபிளில் ப்ளே சரியாக வைத்தாலே பல வண்டிகளில் ஸ்லிப் நின்றுவிடும். அதோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

மீதிப் பேருக்கு என்ன கிடைக்கும்? கிளட்ச் பிளேட் தேய்ந்த தூள் எஞ்சின் ஆயிலில் கலக்காது என்று மற்ற பைக்குகளில் சொல்லும் லாபம் புல்லட்டுக்குப் பொருந்தாது. அதன் ஆயில் ஏற்கெனவே தனி. இங்கே கிடைக்கும் லாபங்கள் வேறு. கவர் ஓரத்தில் கசிந்து வாசலில் ஆயில் சொட்டுவது நிற்கும். ஆயிலில் ஒன்றோடொன்று ஒட்டி இழுக்கும் பிளேட்கள் லீவரைப் பிடித்ததும் சுத்தமாகப் பிரியும், நியூட்ரல் சுலபமாக விழும். கனமான செயினும் டிரம்மும் போய் எடை குறையும். எல்லாவற்றையும் விட, கை வலி குறையும். கடைசியில் சொன்னதை மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

350 சிசி புல்லட்டின் டார்க் சுமார் 30 நியூட்டன் மீட்டர். எஞ்சின் ஸ்பிராக்கெட்டுக்கு 25 பல், கிளட்ச்சுக்கு 56 பல் என்பதால் கிளட்ச்சுக்கு வரும்போது அது 2.24 மடங்காகி 67 ஆகிறது. மேட்டில் லோடோடு ஏறுவதையும் நினைத்து 100 என்று வைத்துக்கொள்வோம். எட்டு உராய்வு முகங்கள், சராசரி ஆரம் 55 மில்லிமீட்டர் என்று எடுத்தால், ஆயிலில் நனைந்த பிளேட்டின் உராய்வு எண் 0.12 அளவில் இருக்கும்போது ஸ்பிரிங்குகள் மொத்தமாக 190 கிலோவுக்கு மேல் அழுத்தியாக வேண்டும். காய்ந்த பிளேட்டுக்கு உராய்வு எண் 0.3 என்றால் 80 கிலோவுக்கும் குறைவே போதும். வண்டிக்கு வண்டி எண்கள் மாறும், விகிதம் மாறாது. மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் நின்று நின்று போகிற மனிதரின் இடக் கைக்கு இந்த விகிதம் நன்றாகவே புரியும்.

ஆனால் அதே நெரிசலில்தான் டிரை கிளட்ச்சின் பலவீனமும் வெளிவரும். பைக் 170 கிலோ, ஓட்டுகிறவர் 70, மீன் பெட்டி 60 என்று மொத்தம் 300 கிலோ. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துக்கு கிளட்ச்சை நழுவவிட்டு எடுத்தால், ஒவ்வொரு தடவையும் 2,600 ஜூல் அளவு சூடு பிளேட்களுக்குள் இறங்குகிறது. மேடாக இருந்தால் இன்னும் கூடும். வெட் கிளட்ச்சில் ஆயில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கேஸ் முழுக்கப் பரப்பிவிடும். டிரை கிளட்ச்சில் காற்று மட்டுமே துணை. பிஎம்டபிள்யூ தன் பாக்ஸர் எஞ்சின்களில் பல பத்தாண்டுகள் டிரை கிளட்ச்சை வைத்திருந்துவிட்டு 2013 ஆர் 1200 ஜிஎஸ்ஸில் வெட் கிளட்ச்சுக்குப் போனது. ஹார்லி டேவிட்சனின் பெரிய எஞ்சின்கள் 1984-லேயே அப்படி மாறிவிட்டன. டுகாட்டியும் பனிகாலேவை வெட் கிளட்ச்சோடு கொண்டுவந்தது, ஆனால் 2019-இல் ரேஸுக்காகச் செய்த வி4 ஆர் மாடலுக்கு மறுபடியும் டிரை கிளட்ச்சைக் கொடுத்தது. உலகமே ஒரு பக்கம் போகும்போது எதிர்ப்பக்கம் போகிறவருக்குக் காரணம் தெளிவாக இருக்க வேண்டும். தினமும் சந்தை நெரிசலில் ஓடும் வண்டிக்கு இந்த மாற்றம் வேண்டாம். கை கனத்தால் நல்ல கேபிளும் நீள லீவரும் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட தூரம் போகிற, ஆயில் கசியாமல் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற வண்டிக்கு இது பொருந்தும்.

இன்னொரு தவறான யோசனையையும் இங்கேயே தடுத்துவிட வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு செயினையும் கிளட்ச்சையும் அப்படியே ஓட்டினால் டிரை கிளட்ச் ஆகிவிடாதா? ஆகாது. பிரைமரி செயின் ஆயில் இல்லாமல் நீண்டு, சூடாகி, ஸ்பிராக்கெட்டின் பல்லைத் தின்றுவிடும். ஆயிலில் ஊறிய பிளேட்களும் காய்ந்த நிலையில் வேலை செய்யச் செய்தவை அல்ல, கருகி உதிரும். டிரை கிளட்ச் என்றால் செயின் போய் அந்த இடத்தில் பல் வைத்த பெல்ட் வர வேண்டும், பிளேட்கள் டிரை ஓட்டத்துக்கான லைனிங்காக மாற வேண்டும், டிரம் சுற்றும் பேரிங் உள்ளே கிரீஸ் அடைத்து இரு பக்கமும் மூடிய பேரிங்காக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மாற்றம். பழைய பிரிட்டிஷ் பைக்குகளுக்கு இங்கிலாந்தில் பாப் நியூபி போன்றவர்கள் செய்யும் பெல்ட் செட்கள் இந்த மூன்றையும் சேர்த்தே வருகின்றன. தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட ஒரே செட்டாக வாங்குவதே சரி.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். இடப்பக்க ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வெளியே வந்தால்தான் கவர் வரும். ஆல்டர்னேட்டர் காயிலின் மூன்று நட்டுகள், பிறகு மேக்னெட், அதன் சின்னச் சாவி. மேக்னெட்டை ஒர்க்‌ஷாப் தரையில் வைக்கக் கூடாது, இரும்புத் தூள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். சுத்தமான துணியில் சுற்றித் தனியாக வைக்கலாம். கிளட்ச் ஸ்பிரிங்குகளை ஒரே சீராக, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பிளேட்களை எடுத்த பிறகு நடு நட்டைக் கழற்ற வேண்டும். இரட்டைச் செயினுக்கு லிங்க் கிடையாது. எஞ்சின் ஸ்பிராக்கெட்டும் கிளட்ச் டிரம்மும் செயினோடு சேர்ந்து ஒரே இழுவையில் வரும். கிளட்ச் ஹப் வராவிட்டால் புல்லர் போட வேண்டும். சுத்தியலால் தட்டினால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்தான் அடி வாங்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூளை வாயாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

இப்போது காலியான அறை. மாற்றத்தின் வெற்றி தோல்வி பெல்ட்டில் இல்லை, இந்த அறைக்குள் ஆயில் வரும் மூன்று வழிகளில்தான் இருக்கிறது. முதல் வழி கிராங்க் வெளியே வரும் இடத்து ஆயில் சீல். வெட் கிளட்ச் இருந்த காலத்தில் அந்தச் சீல் போனாலும் யாரும் கவனிப்பதில்லை, எஞ்சின் ஆயில் பிரைமரி ஆயிலோடு கலந்துவிடும், அவ்வளவுதான். டிரை கிளட்ச்சில் ஒரு சொட்டு கசிந்தாலும் அது பெல்ட்டில் தெறித்து ரப்பரை ஊத வைக்கும், பிளேட்டில் பட்டு ஸ்லிப் ஆக்கும். சீல் எப்படி இருந்தாலும் புதிதாகப் போட வேண்டும். சீலின் உதடு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது. நகத்தை வைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்படும்.

இரண்டாவது வழி கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்டைச் சுற்றியுள்ள இடைவெளி. இந்தப் பழைய ஆல்பியன் கியர்பாக்ஸ் இளகிய கிரீஸுக்காகச் செய்தது. கியர் விழச் சிரமமாக இருக்கிறது என்று மெல்லிய ஆயிலை ஊற்றியிருந்தால் அது புஷ் வழியாக மெதுவாக இந்தப் பக்கம் வந்துவிடும். மூன்றாவது வழி யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. கிளட்ச்சைத் தள்ளும் புஷ் ராட், குழாய் போன்ற மெயின் ஷாஃப்டுக்குள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது. அந்த ஓட்டை வழியாகவும் மசகு ஊர்ந்து வந்து பிரஷர் பிளேட்டின் நடுவில் துளிர்க்கும். ராடுக்குச் சின்ன சீல் உள்ள செட் கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். சீல்கள் மாற்றிப் பெல்ட்டும் மாட்டியதும், அறையின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவைத்து எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, இரவு முழுக்க அப்படியே நிறுத்திக் காலையில் பார்ப்பது நல்ல பழக்கம். காகிதத்தில் கறை இருந்தால் கறை வந்த வழி எது என்று தெரிந்துவிடும்.

பெல்ட் மாட்டுவது பார்க்க எளிது. இரு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் ஷிம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரியும். புல்லட்டில் கியர்பாக்ஸ் எஞ்சினின் பின்புறத்தோடு இறுக்கமாக போல்ட் போட்டுச் சேர்ந்திருக்கிறது, முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. செயினுக்கு அதனால்தான் டென்ஷனர் வைத்தார்கள். பெல்ட்டுக்கு அது இல்லை. சரியான நீளமுள்ள பெல்ட் வாங்குவது ஒன்றே வழி. குளிர்ந்த நிலையில் பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தாழ வேண்டும். கையில் பார்க்கும்போது தொளதொளவென்று இருக்கிறதே என்று தோன்றும், அப்படித்தான் இருக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் விரியும். 60 டிகிரி ஏறினால் ஒவ்வொரு 100 மில்லிமீட்டரும் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் நீளும், புல்லிகளும் பருக்கும். குளிரில் இறுக்கமாக மாட்டிய பெல்ட் சூட்டில் வீணைத் தந்தி ஆகிக் கிராங்க் பேரிங்கையும் கியர்பாக்ஸ் பேரிங்கையும் சேர்த்து இழுத்துவிடும். முதல் பத்து கிலோமீட்டர் ஓடி வந்ததும் சூட்டோடு கவரைக் கழற்றி ஒருமுறை அழுத்திப் பார்ப்பது கட்டாயம்.

பெங்களூருவிலோ சென்னையிலோ இதே வேலையைச் செய்கிறவர் இத்தோடு முடித்துக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெல்ட் வெளியே தெரிய ஓட்டலாம். படத்தில் அது அழகாகவும் இருக்கும். இனயத்தில் அது கூடாது. தேங்காப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே கடலை ஒட்டிப் போகும் சாலையில், ஆனி ஆடி மாதக் கடல்சீற்றத்தில் அலைத் தடுப்புக் கற்களைத் தாண்டி உப்பு நீர் தெறிக்கும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வடகிழக்கு தொடங்கும், இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. மணல் இன்னும் மோசம். மணவாளக்குறிச்சியில் அரிய மணல் ஆலை அமைந்ததே இந்தக் கரை மணலில் இருக்கும் இல்மனைட், மோனசைட், சிர்கான், கார்னெட் ஆகியவற்றுக்காகத்தான். கார்னெட்டைத் தொழிற்சாலைகளில் உலோகத்தைத் தேய்க்கும் உப்புத்தாளிலும், நீர்ப்பீச்சு வெட்டு இயந்திரத்திலும் பயன்படுத்துகிறார்கள். அது பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போனால் அலுமினியப் புல்லியின் பல் எவ்வளவு நாள் தாங்கும்?

ஆக, கவர் இருக்க வேண்டும், காற்றும் போக வேண்டும். கவரின் முன்புறத்தில் ஓட்டை போட்டால் டயர் வாரி இறைக்கும் மணல் நேராக உள்ளே போகும். ஓட்டைகளைப் பின்புறம், கீழ்நோக்கிப் போட்டு, உள்ளிருந்து நெருக்கமான ஸ்டெயின்லெஸ் வலையை ஒட்ட வேண்டும். அடியில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை கண்டிப்பாகத் தேவை, உள்ளே வரும் மழைநீர் தேங்கக் கூடாது. ஸ்குரூக்கள் 316 ரகமாக இருந்தால் உப்பைத் தாங்கும். ஆனால் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பு நீரில் சேர்ந்தால் அரித்து ஒன்றாகிவிடும் என்பதால் மரையில் கிரீஸ் தடவியே போட வேண்டும். கவர் ஓரத்துக்கு இனி அனபாண்ட் பசை தேவையில்லை. உள்ளே ஆயிலே இல்லை, மணலைத் தடுக்க மெல்லிய ரப்பர் பட்டை போதும்.

கவரைக் கழற்றி ஓட்டக் கூடாததற்கு மணலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிரைமரி இருப்பது இடப்பக்கம். பின்சீட்டில் ஒருக்களித்து உட்காரும் பெண்களின் காலும் சேலைத் தலைப்பும் தொங்குவதும் அதே பக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி பின் சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். திறந்த பெல்ட் பின் சக்கரத்தைவிட வேகமாகத் துணியை இழுக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஞ்சின் எண், சிசி, இருக்கை எதையும் தொடாமல் கவருக்குள்ளேயே நடக்கும் மாற்றமாக இதை வைத்துக்கொள்வது இந்தக் காரணத்தாலும் நல்லது.

இந்தக் கரையில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. அத்தனை நாளும் பைக் வீட்டுத் திண்ணையோரம் நிற்கும். ஆயிலில் இருக்கும் ஸ்டீல் பிளேட்டுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. காய்ந்த ஸ்டீல் பிளேட் உப்புக்காற்றில் துரு பிடித்துப் பக்கத்து லைனிங்கோடு ஒட்டிக்கொள்ளும். வந்த அன்றே அவசரமாகக் கிக் அடித்து கியர் போட்டால் கிளட்ச் பிடித்தும் வண்டி முன்னால் பாயும். கடலுக்குப் போகும் முன் கிளட்ச் லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து ஒரு ரப்பர் வாரால் கட்டிவிட்டால் பிளேட்கள் பிரிந்தே இருக்கும். கட்டாமல் போனவர் திரும்பி வந்ததும், சாவி போடாமல் லீவரைப் பிடித்துக்கொண்டு சிலமுறை கிக்கரை மிதித்து பிளேட்களைப் பிரித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய புல்லட்காரர்கள் வெட் கிளட்ச்சிலேயே தினமும் காலையில் செய்கிற வேலைதான் இது.

முதல் 500 கிலோமீட்டருக்குள் இரண்டு முறையாவது கவரைத் திறந்து பார்க்க வேண்டும். கறுப்புத் தூள் இருந்தால் லைனிங் தேய்கிறது, ஓரளவுக்கு அது இயல்பு. வெள்ளி நிறத் தூள் என்றால் புல்லி தேய்கிறது, நேர்கோடு தப்பியிருக்கிறது. லீவரைப் பிடிக்கும்போது சலசலவென்று வரும் சத்தம் டிரை கிளட்ச்சின் இயல்பான பேச்சு, அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓட்டை போடுவதற்குப் பழைய கவரைத் தொடாமல், பழைய சாமான் கடையில் இன்னொரு கவர் வாங்கி அதில் போடுவது நல்லது. கழற்றிய செயின், டிரம், ஸ்பிராக்கெட், டென்ஷனர் எல்லாவற்றையும் ஆயில் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி, அசல் கவரோடு ஒரே பெட்டியில் வைத்துவிட்டால் வெட் கிளட்ச்சுக்குத் திரும்ப அரை நாள் வேலைதான்.